தோட்டத்து வாசலுக்குச் சாயாத மரக்கதவு

வேலி அமைப்பதில் விவசாயிகள் காட்டும் அக்கறையை வாசல் கதவில் காட்டுவது அரிது. கல்கால் நட்டு ஐந்து வரி முள்கம்பி இழுத்திருப்பார்கள். அல்லது கிளுவை உயிர்வேலி நெருக்கமாக வளர்ந்து நிற்கும். வாசலில் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்த படல் கயிற்றில் தொங்கிக் கொண்டிருக்கும். திறக்கும்போதெல்லாம் அதைத் தூக்கி இழுக்க வேண்டும். வீட்டுச் சிறுவனாலோ, தலையில் புல்லுக்கட்டுடன் வரும் பெண்ணாலோ அது முடியாது. ஆகவே படல் திறந்தபடியே கிடக்கிறது.

இதன் விளைவு சிறியதல்ல. கத்தரி நாற்றங்காலில் முப்பது நாள், நட்டபின் இருபது நாள் என ஐம்பது நாள் பட்ட பாட்டை நான்கைந்து ஆடுகள் ஓர் இரவில் மேய்ந்துவிடும். வாழையைக் கடித்தால் மீண்டும் துளிர்க்கும். தென்னங்கன்றுக்கு ஒரே குருத்துதான். அதன் நுனி போனால் கன்றே போய்விடும். பயிர் நஷ்டத்தோடு ஆட்டுக்காரரிடம் மனத்தாங்கலும் வந்து சேர்கிறது. நல்ல கதவு ஒன்று இருந்தால் இந்த இரண்டும் இல்லை.

சாயாத மரக்கதவை விவசாயி தாமே செய்துகொள்ளலாம். வரப்பில் வளர்ந்த மரமும், ரம்பம், உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், துளையிடும் கருவி ஆகியவையும் இருந்தால் போதும். ஆனால் கதவு ஏன் சாய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கதவு சாய்வதற்குக் காரணம்

நான்கு மூங்கில் குச்சிகளை எடுத்து, மூலைக்கு ஓர் ஆணி வீதம் அடித்துச் சதுரமாக்கிக் கொள்ளவும். ஒரு பக்கத்தைச் சுவரோடு பிடித்து, எதிர்ப்பக்கத்தைக் கீழே அழுத்தினால் சதுரம் சரிந்து சாய்சதுரமாகும். குச்சி எதுவும் முறியவில்லை. மூலைகள்தான் திரும்பிக் கொண்டன. இப்போது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஐந்தாவது குச்சியை வைத்து அடித்துவிட்டு அழுத்திப் பார்க்கவும். சதுரம் அசையாது. சதுரம் இரண்டு முக்கோணங்களாகி விட்டதே காரணம். முக்கோணத்தின் பக்கங்கள் நீளாமலும் குறுகாமலும் இருக்கும்வரை அதன் வடிவம் மாறாது.

தோட்டக் கதவிலும் நடப்பது இதுதான். சாய்வுச் சட்டம் இல்லாத கதவை எவ்வளவு கனமான மரத்தில் செய்தாலும், எத்தனை ஆணி அடித்தாலும் நாளடைவில் சரியும். கனம் கூடினால் இன்னும் சீக்கிரமாகவே சரியும்.

இரண்டாவது காரணம் கதவுக்கால் சாய்வது. மூன்றாவது, பச்சை மரத்தில் கதவு செய்வது. கதவு செய்யும்போது இம்மூன்றையும் கவனித்தால் போதும்.

ஒற்றைக் கதவா, இரட்டைக் கதவா?

மாட்டு வண்டியும், டிரெய்லர் பூட்டிய டிராக்டரும் திரும்பி நுழைய 10 அடி (சுமார் 3 மீட்டர்) வாசல் தேவை. அறுவடை இயந்திரம் வந்து போகும் நிலமானால் அதன் அகலத்தை அளந்து வாசலைத் தீர்மானிக்க வேண்டும்.

10 அடி வாசலுக்கு ஒரே கதவு போடுவதைவிட, 5 அடிக் கதவுகள் இரண்டு போடுவதே சிறந்தது. இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 5 அடி அகலக் கதவின் எடை 36 கிலோ என்று வைத்துக் கொள்வோம். அந்த எடை முழுவதும் கதவின் நடுவில், அதாவது கீலிலிருந்து 2½ அடி தள்ளி இருப்பதாகக் கொள்ளலாம். மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 3¾ அடி. எடையை 2½-ஆல் பெருக்கி 3¾-ஆல் வகுத்தால் 24 வரும். அதாவது மேல் கீல் காலை வாசல் பக்கமாக 24 கிலோ விசையுடன் எந்நேரமும் இழுத்துக் கொண்டிருக்கும். 10 அடி ஒற்றைக் கதவின் எடை 72 கிலோ. அதன் நடு கீலிலிருந்து 5 அடி தள்ளி இருக்கும். அதே முறையில் கணக்கிட்டால் இழுப்பு 96 கிலோவாகும். அகலம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகிறது. இதனால்தான் அகலமான ஒற்றைக் கதவுகள் காலையும் சேர்த்துச் சாய்த்துவிடுகின்றன.

மரத் தேர்வு

வேம்பு, பூவரசு, கருவேல், வாகை ஆகிய மரங்கள் ஏற்றவை. எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த உட்பகுதியையே சட்டங்களுக்குப் பயன்படுத்த வேண்டும். வெளிப்புறத்து வெளிர்நிற மரத்தைக் கறையானும் துளைக்கும் வண்டும் எளிதில் தாக்கும். முதிர்ந்த பனையின் வெளிப்புற வைரமும், முதிர்ந்த தென்னையின் வெளிப்புறமும் ரீப்பர் பட்டைகளுக்கு நன்கு பயன்படும். சொந்த நிலத்து மரமே ஆனாலும், தேக்கு போன்றவற்றை வெட்டி எடுத்துச் செல்லும் முன் வனத்துறை அலுவலகத்தில் விதிகளைக் கேட்டறிவது நல்லது.

அறுத்த சட்டங்களை உடனே பயன்படுத்தக் கூடாது. பச்சை மரம் காயும்போது நீளத்தில் சுருங்குவது மிகக் குறைவு. ஆனால் அகலத்தில் சுருங்கும். 3 அங்குல அகலமுள்ள பச்சைச் சட்டம் காய்ந்தபின் ⅛ அங்குலமோ அதற்கு மேலோ குறைந்துவிடும். இறுக்கமாகப் பொருத்திய இணைப்பு தளர இதுவே போதும். எனவே சட்டங்களை நிழலில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், வரிசைக்கு வரிசை சிறு குச்சிகள் கொடுத்து அடுக்கி, மேலே பாரம் வைத்து மூன்று முதல் ஆறு மாதம் வரை உலரவிட வேண்டும். வெயிலில் போட்டு அவசரமாகக் காயவைத்தால் வெடித்து முறுக்கிக் கொள்ளும். அறுப்பதற்கு முன் மரத்தைச் சில வாரங்கள் குளத்தில் ஊறப்போடும் பழைய வழக்கம் பயனுள்ளதே. மரத்திலுள்ள மாவுச்சத்து குறைவதால் துளைக்கும் வண்டுகளின் தொல்லை குறையும். ஆனால் இதனால் கறையான் வராமலிருக்காது.

தேவையான பொருட்கள் (இரண்டு கதவுகளுக்கு)

நிற்கும் சட்டம், 3 அங்குலம் x 2 அங்குலம், 4 அடி நீளம் - 4
குறுக்குச் சட்டம், 3 x 2 அங்குலம், 5 அடி நீளம் - 6
சாய்வுச் சட்டம், 3 x 2 அங்குலம், 6 அடி நீளம் - 2
ரீப்பர் பட்டை, 3 x ¾ அங்குலம், 4 அடி நீளம் - 16
⅜ அங்குல போல்ட்டு நட்டு, 3 அங்குல நீளம் - 22. வாஷர் - 44
18 அங்குலப் பட்டைக் கீல் - 4
2½ அங்குல ஆணி - சுமார் 120. 4 அங்குல ஆணி - 4
கதவுக்கால், 8 அடி நீளம் - 2

கால்கள் நீங்கலாக மரம் சுமார் 3½ கன அடி ஆகும். கழிவு சேர்த்து 4 கன அடி வைத்துக் கொள்ளலாம்.

கதவுக்கால் நடுதல்

கருங்கல் கால் கிடைக்கும் பகுதிகளில் அதுவே மிகச் சிறந்தது. கறையானோ ஈரமோ அதை ஒன்றும் செய்ய முடியாது. இரும்புப் பட்டை சுற்றி, அதில் கீலைப் பொருத்திக் கொள்ளலாம். மரக்கால் நடுவதானால் 6 அங்குலத்துக்குக் குறையாத கனமுள்ள வைர மரம் தேவை. 8 அடிக் காலில் 3 அடி மண்ணுக்குள் இருக்க வேண்டும். கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும். ஆகவே அங்கு 3½ முதல் 4 அடி ஆழம் கொடுத்து, அதற்கேற்ப நீளமான காலாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழியையும் தோண்டிய மண்ணுக்குப் பதிலாகச் சரளையால் நிரப்ப வேண்டும்.

குழி ஒன்றரை அடிச் சதுரம் இருக்கட்டும். அடியில் 4 அங்குலம் உடைகல் பரப்பினால் நீர் தேங்காது. காலை நிறுத்தித் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்து பார்க்க வேண்டும். பிறகு 6 அங்குலத்துக்கு ஒருமுறை மண் தள்ளி, திமிசுக் கட்டையால் நன்கு இடிக்க வேண்டும். குழி நிறைய மண்ணைத் தள்ளிவிட்டு மேலே மட்டும் மிதித்து விடுவதால்தான் பல கால்கள் முதல் மழைக்கே ஆடுகின்றன.

கால் எப்போதும் வாசல் பக்கமாகவே சாயப் பார்க்கும். ஆகவே தரைமட்டத்தில் வாசல் பக்கமும், குழியின் அடியில் அதற்கு எதிர்ப்பக்கமும் பெரிய கல் ஒன்றைக் காலோடு நெருக்கிப் பதிக்க வேண்டும். இரண்டு கால்களுக்கும் இடையே தரைமட்டத்தில் வரிசையாகக் கல் பதித்துவிட்டால் இன்னும் நல்லது. ஒரு கால் மற்றதைத் தாங்கிக் கொள்ளும்; வண்டித் தடமும் குழியாகாது.

மரக்காலில் மண்ணுக்குள் போகும் பகுதிக்கும், மண்ணுக்கு மேல் 6 அங்குலத்துக்கும் இரண்டு முறை தார் பூச வேண்டும். நன்கு உலர்ந்த மரத்துக்கே பூச வேண்டும். ஈர மரத்தில் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி மரம் உளுத்துவிடும். காலின் அடிப்பகுதியைத் தீயில் கருக்குவது மேல்பரப்பை மட்டுமே காக்கும். வைரமில்லாத மரத்தை அது காப்பாற்றாது. முன்பு குழியில் பி.எச்.சி., ஆல்டிரின் போன்ற தூள்களைத் தூவும் வழக்கம் இருந்தது. இவை நம் நாட்டில் தடை செய்யப்பட்ட மருந்துகள். பி.எச்.சி. 1997-ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. பழைய இருப்பு எங்கேனும் கிடைத்தாலும் பயன்படுத்தக் கூடாது.

சட்டம் கூட்டுதல்

10 அடி என்பது 120 அங்குலம். இரண்டு பக்கமும் கீல்களுக்கு ¾ அங்குலம் வீதமும், நடுவில் 1 அங்குலமும் இடைவெளி விட்டால், ஒவ்வொரு கதவின் அகலமும் 58¾ அங்குலம், அதாவது 4 அடி 10¾ அங்குலம் வரும். கால்களை நட்டபின் வாசலை மேலும் கீழும் அளந்து பார்த்துவிட்டே குறுக்குச் சட்டங்களை அறுக்க வேண்டும்.

நிற்கும் சட்டங்கள் இரண்டு. குறுக்குச் சட்டங்கள் மேலே, நடுவில், கீழே என மூன்று. சட்டங்கள் சேரும் இடங்களில் இரண்டிலும் பாதிக் கனத்தை, அதாவது 1 அங்குலத்தை வெட்டி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பொருத்த வேண்டும். கோடு போட்ட இடத்துக்குள் அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டாக ரம்பத்தால் 1 அங்குல ஆழம் அறுத்துக்கொண்டு, உளியால் தட்டினால் சில்லுகள் எளிதாகப் பெயர்ந்து வரும். இணைப்பு கொட்டாப்புளியால் தட்டி இறங்கும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும்.

சட்டத்தைச் சமதரையில் கிடத்தி, போல்ட்டு போடும் முன் மூலை சரிபார்க்க வேண்டும். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கும், அடுத்த மூலையிலிருந்து அதன் எதிர்மூலைக்கும் கயிறு பிடித்து அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தக் கதவுக்கு அது 6 அடி 4 அங்குலத்தை ஒட்டி வரும். ஒரு அளவு கூடுதலாக இருந்தால் அந்த மூலையை மெல்லத் தட்டிச் சரிசெய்யலாம். பிறகு நான்கு மூலைகளிலும் இரண்டு போல்ட்டு வீதம் குறுக்காகவும், நடுச் சட்டத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொரு போல்ட்டும் போட வேண்டும். இரு பக்கமும் வாஷர் அவசியம். இல்லையெனில் நட்டு மரத்துக்குள் புதைந்துவிடும்.

சாய்வுச் சட்டம் எந்தத் திசையில்?

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமானால் அது இதுதான்: மரச் சாய்வுச் சட்டம் கீல் பக்கத்துக் கீழ் மூலையில் தொடங்கி, திறக்கும் பக்கத்து மேல் மூலையில் முடிய வேண்டும்.

கதவு சரியும்போது திறக்கும் பக்கம் கீழே இறங்கும். அப்போது அந்த மேல் மூலைக்கும் கீல் பக்கத்துக் கீழ் மூலைக்கும் உள்ள தூரம் குறையப் பார்க்கும். அங்கே நிற்கும் சட்டம், பந்தலுக்கு முட்டுக் கொடுத்தது போல, தூரம் குறைய விடாமல் தாங்கும். கீழ்க் கீல் அந்தப் பாரத்தைக் காலுக்குக் கொண்டு சேர்க்கும். சட்டத்தை எதிர்த் திசையில் வைத்தால் அது தாங்காது; இழுபடும். அப்போது பாரம் முழுவதும் அதன் முனையிலுள்ள ஆணியில் விழும். ஆணி சில மாதங்களில் தளர்ந்து கதவு இறங்கும். இரண்டு கதவுகளும் மூடியிருக்கும்போது, சாய்வுச் சட்டங்கள் இரண்டும் கால்களின் அடியிலிருந்து நடு உச்சியை நோக்கி, கூரை வடிவில் தெரிந்தால் சரியாக வைத்திருப்பதாகப் பொருள்.

சாய்வுச் சட்டத்தைக் கூட்டிய சட்டத்தின்மேல் கிடத்தி, பென்சிலால் குறித்து அறுக்க வேண்டும். முனைகளைக் கூம்பாகச் சீவி, ஒரு முகம் நிற்கும் சட்டத்திலும் மறுமுகம் குறுக்குச் சட்டத்திலும் நன்கு முட்டும்படி இறக்க வேண்டும். முனையில் இடைவெளி இருந்தால் அவ்வளவுக்குக் கதவு இறங்கும். நடுச் சட்டத்தைக் கடக்கும் இடத்தில் இரண்டிலும் பாதிப் பாதி வெட்டிப் படியவைத்து ஒரு போல்ட்டு போட வேண்டும். முனைகளில் சாய்வாக ஒவ்வொரு 4 அங்குல ஆணி அடித்தால் போதும்.

ரீப்பர் அடித்தல்

கதவுக்கு எட்டு ரீப்பர்களை நிற்கும் சட்டங்களுக்கு இடையே சமமாகப் பரப்பினால், இடைவெளி 3 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். இதில் ஆட்டுக்குட்டி நுழைய முடியாது. ஒவ்வொரு ரீப்பரையும் மூன்று குறுக்குச் சட்டங்களிலும் இரண்டு ஆணி வீதமும், சாய்வுச் சட்டத்தைக் கடக்கும் இடத்தில் ஓர் ஆணியும் அடிக்க வேண்டும். கருவேல் போன்ற கடின மரத்தில் ஆணியைவிடச் சற்றுச் சிறிய துளையிட்டு அடித்தால் மரம் பிளக்காது. ஆணிகளை ஒரே நார்வரிசையில் அடிக்காமல் சற்று மாற்றி அடிக்கவும்.

கதவை மாட்டுதல்

கால் நட்டு இரண்டு வாரம் கழித்துக் கதவை மாட்டுவது நல்லது. கதவை மூடிய நிலையில் நிறுத்தி, அடியில் 3 அங்குலக் கட்டைகள் கொடுக்க வேண்டும். திறக்கும் பக்கத்தை மட்டும் இன்னும் அரை அங்குலம் உயர்த்திக் கொள்ளவும். பாரம் ஏறியதும் அது சரியான மட்டத்துக்கு வந்து நிற்கும். கீல்களை மேல், கீழ்க் குறுக்குச் சட்டங்களில் போல்ட்டு போட்டு இணைக்க வேண்டும். திருகாணி மட்டும் போதாது. இரண்டு கீல்களின் அச்சும் ஒரே தூக்குநூலில் இருந்தால்தான் கதவு தானாகத் திறக்காமலும் மூடாமலும் விட்ட இடத்தில் நிற்கும்.

கீல் வாங்க வசதியில்லாதவர்கள் பழைய வீட்டுக் கதவுகளைப் போலக் குடுமி வைத்துக் கொள்ளலாம். கீல் பக்கத்துச் சட்டத்தை மட்டும் மேலும் கீழும் அரை அடி நீளமாக விட்டு, அடி முனையை உருட்டி, குழி செதுக்கிய கல்லில் நிறுத்த வேண்டும். மேல் முனையைக் காலோடு சேர்த்த இரும்பு வளையத்தில் நுழைக்க வேண்டும். கதவின் எடை முழுவதும் கல்லின் வழியே தரைக்குப் போய்விடும்.

ஒரு கதவுக்குத் தரையில் இறங்கும் தாழ்ப்பாளும், இரண்டையும் சேர்க்க ஒரு கொண்டியும் வேண்டும். கயிற்று வளையத்தை மாடுகள் முட்டி முட்டி நாளடைவில் கழற்றப் பழகிவிடும். எனவே கொண்டியில் ஒரு முளையைச் செருகி வைக்க வேண்டும்.

பராமரிப்பு

சட்டங்களின் தலையையும், மரக்காலின் தலையையும் சரிவாகச் சீவிவிட்டால் மழைநீர் தங்காது. மரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் அல்லது ஆளிவிதை எண்ணெய் இரண்டு முறை பூசலாம். முந்திரிக்கொட்டை எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். கையுறை இல்லாமல் தொடக்கூடாது. இரும்புப் பாகங்களுக்கு ரெட் ஆக்சைடு பூசவும். ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் எண்ணெய்ப் பூச்சும், தைப் பொங்கலை ஒட்டி நட்டுகளை முடுக்கிக் கீலுக்கு எண்ணெய் விடுவதும் வழக்கமாகட்டும். மரக்காலின் அடியில் கறையான் மண்பூச்சு ஏறியிருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்து உடனே சுரண்டிவிட வேண்டும்.

ஏற்கெனவே சாய்ந்த கதவுக்கு

புதுக்கதவு செய்ய இப்போது இயலாதவர்கள், கால் உறுதியாக இருந்தால், பழைய கதவையே நிமிர்த்தலாம். திறக்கும் பக்கத்தின் அடியில் கட்டை கொடுத்து மட்டத்துக்கு உயர்த்த வேண்டும். பிறகு கீல் பக்கத்து மேல் மூலையிலிருந்து திறக்கும் பக்கத்துக் கீழ் மூலைக்குக் கனமான நாகமுலாம் பூசிய கம்பியை இரட்டையாகக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்க வேண்டும். கம்பி விறைத்ததும் குச்சி திரும்பாதபடி கதவோடு கட்டிவிடவும். மரச் சட்டம் செல்லும் திசைக்கு இது நேர் எதிர் என்பதைக் கவனிக்க வேண்டும். மரம் முட்டுக் கொடுத்துத் தாங்கும். கம்பி இழுத்துப் பிடிக்கும். ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால் பயன் இராது.

காங்கயம் பகுதியில் கொறங்காடு வைத்திருப்போர், மேய்ச்சல் நிலத்துக்குக் கிளுவை வேலியும் வாசலுக்குப் படலும் இருந்தால்தான் புல் நிலைக்கும் என்பதை அறிவார்கள். கறிகாய்த் தோட்டத்துக்கும் தென்னந்தோப்புக்கும் இதுவே பொருந்தும். உலர்ந்த மரம், ஆழமாக இடித்து நட்ட கால், சரியான திசையில் ஒரு சாய்வுச் சட்டம் - இம்மூன்றையும் கவனித்துச் செய்த கதவைச் சிறுவனும் ஒரு கையால் தள்ளி மூடலாம். எளிதாக மூடமுடிந்த கதவுதான் இரவில் மூடியிருக்கும். அப்போதுதான் வேலிக்குச் செலவிட்ட பணமும் பயன் தரும்.